தெய்வானை வாங்கிய காளாஞ்சி

உலகத்திலேயே கோயிலில் தேங்காய் வெற்றிலைத் தட்டத்தோடு காளாஞ்சி மரியாதை வாங்கிய பூனை தன்னுடைய பூனை ஒன்றுதான் என்று கணேசலிங்கம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அதுவும் மூலையில் ஒளித்து நின்று வாங்கியது அல்ல. நாதஸ்வரமும் தவிலும் முன்னால் வர, பெரிய குருக்கள் சந்நிதியிலிருந்து வாசல் வரைக்கும் நடந்து வந்து மாலை போட்டாராம். பூனை இரண்டு முன்னங்கால்களையும் சேர்த்துக் கும்பிட்டு வாங்கியதாம். பார்த்த சனம் காலையில் சொன்னபோது முந்நூறாக இருந்தது. மத்தியானம் ஆயிரத்து ஐந்நூறு. பின்னேரம் தேத்தண்ணிக்கு வந்தவர்களிடம் சொன்னபோது ஹெலிகொப்டரிலிருந்து பூத்தூவியதும் சேர்ந்துகொண்டது.

ஒருவரும் நம்பவில்லை. எப்படி நம்புவார்கள்? இருபத்தாறு வருடம் மெல்பேணில் ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். கிளென் வேவர்லிப் பாதையில் ஒருநாள் கங்காரு ஒன்று ஏறி, வயிற்றுப்பிள்ளைக்காரி ஒருத்தியைக் கண்டதும் எழும்பி இடம் கொடுத்தது என்று சொன்ன வாய் அது. ஆனால் இந்தப் பூனை விஷயத்தில் ஹெலிகொப்டரையும் கும்பிட்டதையும் சனத்தொகையையும் கழித்துவிட்டால் மிச்சமெல்லாம் நடந்ததுதான். அதை அறிந்த மனிதர் மெல்பேணில் இன்னும் ஒரே ஒருவர் இருந்தார். அவர்தான் அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று அடித்துச் சொன்னவர்.

விஷயம் தொடங்கியது சிட்னியிலிருந்து வந்த ஒரு தொலைபேசி அழைப்பில். மகள் தர்சினிக்கு மெரிலேண்ட்ஸில் ஆண்பிள்ளை பிறந்து பத்து நாள். மனைவி யோகா அங்கே பத்தியச் சமையலில் நின்றாள்.

"இஞ்சேருங்கோ, முப்பத்தொண்டாம் நாள் துடக்குக் கழிச்சுப்போட்டு நாங்கள் மூண்டு பேரும் அங்க வாறம். தர்சினி ரெண்டு மாசம் நிப்பாள். அதுக்கு முதல் அந்தப் பூனையை எங்கயாவது விட்டுப்போடுங்கோ."

"எங்கயாவது எண்டால்?"

"காப்பகம் ஒண்டு இருக்குத்தானே. அங்க குடுங்கோ. பூனை மயிர் பிள்ளைக்கு இழுப்பைக் கொண்டு வரும்."

பக்கத்திலிருந்து தர்சினியின் குரல் கேட்டது. "அம்மா, நேர்ஸ் ஓகே எண்டவ. தொட்டிலுக்குள்ள மட்டும் விட வேண்டாமாம்."

"நேர்சுக்கு என்ன தெரியும்? பச்சைப் பிள்ளை கிடக்கிற வீட்டில பூனை கூடாது எண்டு அண்ணையும் சொல்லிப்போட்டார்."

அத்தோடு தீர்ப்பு முடிந்தது. யோகாவுக்கு அண்ணை சொன்னால் அது கல்வெட்டு.

பூனைக்கு வயது பதினாறு. தர்சினி பள்ளிக்கூடம் போன காலத்தில், முருகனுக்கும் தெய்வானைக்கும் திருக்கல்யாணம் நடந்த நாளில், பின்வளவுக் கொட்டிலில் கண்ணும் திறக்காமல் கிடந்தது. அதனால் கணேசலிங்கம் அதற்குத் தெய்வானை என்று பெயர் வைத்தார். இப்போது ஒரு கண்ணில் பால் படர்ந்துவிட்டது. கதிரையில் ஏறுவதற்கு முன் நின்று யோசிக்கிறது. பதினாறு வயதுப் பூனையைக் காப்பகத்தில் யார் கேட்டு வரப்போகிறார்கள்? ஒருவரும் கேட்டு வராத பூனைக்கு அங்கே கடைசியில் என்ன நடக்கும் என்பது கணேசலிங்கத்துக்குத் தெரியும். அதைப் பற்றி மட்டும் அவர் கூட்டியும் பேசவில்லை, குறைத்தும் பேசவில்லை. பேசவே இல்லை.

யோகாவின் அண்ணை இரத்தினசிங்கம் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை செய்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடமாக மூலை உடைந்த பிஸ்கட்டைப் பொறுக்கி எறிந்த கண் அது. இப்போது முருகன் கோயிலுக்குச் செயலாளர். அங்கேயும் அதே கண்தான். ஊதுபத்தி சரிந்து நின்றால் நிமிர்த்துவார். அடுத்த பொதுக்கூட்டத்தில், போட்டிக்கு நின்ற வரதராஜாவைத் தோற்கடித்துத் தலைவராவதற்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தார்.

அந்த ஞாயிறு அவர் வந்து குசினி மேசையில் இருந்து தேத்தண்ணி குடித்தபோது, எதிர்வீட்டு ஜலால்தீனும் இருந்தார். பூனை மேசைக்குக் கீழே படுத்திருந்தது.

"மச்சான்," என்றார் இரத்தினசிங்கம், "வைரவருக்கு நாய். பிள்ளையாருக்கு எலி. சனீஸ்வரனுக்குக் காகம். மூதேவிக்குக்கூடக் கழுதை இருக்கு. பூனைக்கு ஆர் இருக்கினம்? ஒருத்தரும் இல்லை. ஏன் எண்டு யோசிச்சீரோ?"

"எகிப்தில பூனைக்குக் கோயிலே கட்டிக் கும்பிட்டவங்கள்."

"அந்தச் சாமியை இப்ப ஆர் கும்பிடுறான்? அதுக்குத்தான் சொல்லுறன். எங்கட பக்கத்தைப் பாரும். அகலிகை வீட்டில பிடிபட்ட இந்திரன் என்னவாய் ஓடினவன்? பூனையாய். மாமல்லபுரத்துக் கல்லில ஒற்றைக்காலில தவம் செய்யிறது ஆர்? பூனை. சுத்தி எலியள் கும்பிட்டுக்கொண்டு நிக்குதுகள். அவ்வளவும் கள்ளத் தவம். ஒண்டில் கள்ளன், இல்லாட்டில் கபடன். இதுதான் பூனைக்குச் சாத்திரத்தில உள்ள இடம்."

கணேசலிங்கம் விடவில்லை. ஒரு கிழமையாக அவரும் நூலகத்தில் இருந்து தோண்டியிருந்தார். "சின்னப் பிள்ளையார் ஒரு பூனையைப் பிறாண்டி விளையாடிப்போட்டு வீட்டை வந்து பார்த்தால், பார்வதியின்ர முகத்தில அந்தக் கீறல். எந்தச் சீவனை அடிச்சாலும் என்னிலதான் படும் எண்டு தாய் சொன்னவ. அது பூனைக்கு மரியாதை இல்லையோ?"

"அது பார்வதிக்கு மரியாதை."

"சஷ்டி தேவி? பிறந்த பிள்ளையைக் காக்கிற தெய்வம். வாகனமே பூனை. வடநாட்டில பிள்ளை பிறந்த ஆறாம் நாள் அவவுக்குத்தான் பூசை. அந்தச் சஷ்டிதான் எங்கட தெய்வானை எண்டும் புராணம் சொல்லுது. பிள்ளை வாற நேரத்தில பூனையைத் துரத்துறது காவல்காரனைத் துரத்துற வேலை, மச்சான்."

"வடநாட்டுச் சாமிக்கு வடநாட்டுப் பூனை."

ஜலால்தீன் சிரித்துக்கொண்டு தன் கோப்பையைக் கீழே வைத்தார். "எங்கட மார்க்கத்தில கதை லேசி, சேர். தொழுறதுக்கு முன்னுக்குக் கை கால் கழுவுற தண்ணியில பூனை வாய வெச்சாலும் அந்தத் தண்ணி சுத்தம்தான். பூனை உங்களச் சுத்தி வார ஆக்கள்ள ஒன்டு என்டு நபிகள் நாயகம் சொன்னது. நானே இத எடுத்து வளப்பன். மகனுக்குப் பூனையென்டா மூச்சுத் திணறும், அதான் ஏலாம இருக்கி."

"பாத்தீரோ? மூச்சுத் திணறுதாம்!" என்றார் இரத்தினசிங்கம். பிறகு எழும்பி, தன் சேட்டின் ஓரத்தை இழுத்துவிட்டுக்கொண்டு, பின்னால் அவரையே வந்து பிடித்த அந்த வார்த்தையைச் சொன்னார். "கதை வேண்டாம், மச்சான். எங்கட கோயிலில ஒரு பூனைக்கு ஒரு மரியாதை குடுத்தது எண்டு காட்டும். அண்டைக்கே யோகாவுக்கு நான் சொல்லுறன், பூனை இருக்கட்டும் எண்டு."

யோகாவும் தொலைபேசியில் அதற்கு ஒப்புக்கொண்டாள். "அண்ணை தன்ர வாயால சொன்னால் இருக்கட்டும். நீங்கள் சொல்லுறதைக் கேட்டு ஒண்டும் செய்யேலாது. கங்காருக் கதையோட எனக்கு உங்களில இருந்த நம்பிக்கை போச்சு."

கந்தசஷ்டி தொடங்கியது. திருக்கல்யாணத்துக்கு முன்பதிவு செய்ய இரத்தினசிங்கம் புதிதாக ஒரு இணையப் படிவம் செய்து எல்லாருக்கும் அனுப்பியிருந்தார். தவறே வராத படிவம் என்று அதற்கு மேலே ஒரு குறிப்பும் எழுதியிருந்தார். வீட்டில் வசிப்போரின் பெயர், நட்சத்திரம், வயது.

பெயரையாவது குருக்கள் வாயால் சொல்ல வைத்துவிடலாம் என்று கணேசலிங்கத்துக்கு ஆசை வந்தது. தன்னுடையது, யோகாவுடையது எழுதி, மூன்றாவதாகத் தெய்வானை என்று எழுதினார். நட்சத்திரம் திருவோணம், கண்டெடுத்த நாளைப் பஞ்சாங்கத்தில் பார்த்து. வயதில்தான் கொஞ்சம் யோசித்தார். பூனை வைத்தியர் கொடுத்த அட்டையில் 'மனித வயதுக்கு எண்பது' என்று அச்சடித்திருந்தது. படித்தவர்கள் எழுதியதை நாங்கள் மாற்றுவானேன் என்று எண்பதையே போட்டார். இதில் ஒரு பொய்யும் இல்லை என்று பின்னால் ஜலால்தீனிடம் சத்தியம் செய்தார். அவர் வாழ்க்கையிலேயே பொய் கலக்காமல் நிரப்பிய ஒரே படிவம் அதுதானாம்.

அந்த வருடம் இரத்தினசிங்கம் இன்னொரு ஏற்பாடும் செய்திருந்தது கணேசலிங்கத்துக்குத் தெரியாது. எண்பது வயதும் அதற்கு மேலும் ஆன அம்மாமாருக்குத் திருக்கல்யாணத்தில் முதல் மரியாதை. மாலை, பட்டுத்துண்டு, காளாஞ்சித் தட்டம். பெயர்களைக் கம்பியூட்டரே பொறுக்கி எடுத்தது. இரத்தினசிங்கம் அந்தத் தாளை வாசிக்காமல் குருக்களின் கையில் கொடுத்தார். தன் படிவத்தில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. வாசித்திருந்தாலும் பிடிபட்டிருக்குமோ தெரியாது. பதினாறு வருடமாக அவர் 'அந்தப் பூனை' என்று சொன்னாரே தவிர, அதற்குப் பெயர் ஒன்று இருக்கிறதா என்று கேட்டதில்லை.

திருக்கல்யாணத்தன்று வெயில் முப்பத்துநாலு பாகை. காலையில் தெய்வானைக்கு வைத்தியரிடம் இரத்தப் பரிசோதனை. அது முடிந்து நேரே கோயிலுக்கு வந்த கணேசலிங்கம் கார்க் கதவைத் திறந்துகொண்டு நின்றார். இந்த வெயிலில் பூனையைக் காருக்குள் விட்டால் செத்துப்போகும். அதற்கு முதல் யாராவது பொலிசுக்குத் தொலைபேசி அடிப்பார்கள். பூனை இருந்த பிளாஸ்டிக் கூட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார். சீமெந்து நிலம் அடுப்பாகக் கொதித்தது. முதியவர்களுக்கென்று நிழலில் நிறுத்தியிருந்த சக்கர நாற்காலியில் கூட்டை வைத்து, வெளிச்சம் கண்டால் கத்துமே என்று தன் வெள்ளைச் சால்வையால் மேலே போர்த்தார். தள்ளி நின்று பார்த்தால், கூனிப்போன ஒரு சின்ன அம்மா முக்காடு போட்டு இருப்பது போலவே இருந்தது.

உள்ளே தாலி கட்டி முடிந்தது. சனம் முழுக்க அட்சதை போட மண்டபத்துக்குள் நெருக்கி நின்றது. கணேசலிங்கம் கதவோரம் நின்றார். விக்னராஜக் குருக்கள், திருவிழாவுக்கென்று யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர், தாளைப் பார்த்துச் சங்கல்பம் சொன்னார். திருவோண நட்சத்திரம், தெய்வானை என்ற பெயர் காதில் விழுந்ததும் கணேசலிங்கத்துக்கு உடம்பு புல்லரித்தது. அத்தோடு விஷயம் முடிந்தது என்றுதான் நினைத்தார்.

மற்ற அம்மாமாருக்கு மரியாதை செய்து முடித்த குருக்கள் நிமிர்ந்து, "தெய்வானை அம்மா, எண்பது வயசு, கணேசலிங்கம் குடும்பம். அம்மா எங்கே?" என்றார்.

கணேசலிங்கத்துக்கு, ரயில் சாரதியாக இருந்த காலத்திலும் வராத ஒரு நிதானம் வந்தது. "வெளியில வீல்செயரில இருக்கிறா, ஐயா. படி ஏறமாட்டா."

"அதனாலென்ன, நாங்கள் அவவிட்டைப் போவம்," என்றார் குருக்கள். நல்ல மனிதர். நாதஸ்வரக்காரருக்குக் கண்ணைக் காட்டினார். அவரும் தவில்காரரும் வாசித்துக்கொண்டே கூட்டத்தைப் பிளந்து முன்னால் நடந்தார்கள்.

கார்த் தரிப்பிடத்தில் வாகனங்களை ஒழுங்குபடுத்திவிட்டு வியர்த்து வந்த இரத்தினசிங்கம், எதிரே மரியாதை வருவதைக் கண்டதும் சால்வையை இடுப்பில் கட்டி, பழக்கதோஷத்தில் தட்டத்தை வாங்கிக் கையில் ஏந்திக்கொண்டார். எல்லாரும் நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றார்கள். நாதஸ்வரக்காரர் கண்ணை மூடி வாசித்தார். தவில்காரர் அவரைப் பார்த்து வாசித்தார்.

"அம்மா, மாலை போடப்போறன்," என்று சொல்லிக் குருக்கள் சால்வையை மெல்ல விலக்கினார்.

கம்பிக்குப் பின்னால் ஒரு நல்ல கண்ணும் ஒரு பால் கண்ணும் தெரிந்தன.

இரத்தினசிங்கம் தட்டத்தைச் சாய்த்துவிட்டார். தேங்காய் உருளப் பார்த்தது. "மச்சான்!" என்றார். அந்த ஒரு சொல்லுக்குள் முப்பது வருட உறவின் கோபம் முழுவதும் இருந்தது. "ஐயா, உது பூனை, ஐயா. பிழை நடந்து போச்சு. தட்டத்தை உள்ளுக்குக் கொண்டு போவம்."

குருக்கள் பூனையைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். கணேசலிங்கத்தைப் பார்த்தார். "பேர் தெய்வானைதானோ?"

"ஓம் ஐயா. சத்தியமாய்."

"நட்சத்திரம்?"

"பஞ்சாங்கத்தில பாத்தனான் ஐயா."

குருக்கள் இரத்தினசிங்கத்தின் பக்கம் திரும்பினார். "செயலாளர், பேர் சொல்லியாச்சு, நட்சத்திரம் சொல்லியாச்சு, சங்கல்பம் செய்தாச்சு. சங்கல்பம் செய்த மரியாதை திரும்பி உள்ளுக்குப் போகாது. உங்கட அறிவித்தல் பலகையிலயும் அப்பிடித்தானே போட்டிருக்கிறியள்?"

போட்டிருந்தது. இரத்தினசிங்கம்தான் எழுதியவர். கீழே கையொப்பமும் இருந்தது.

"சஷ்டி தேவிக்குப் பூனைதான் வாகனம். கல்யாண நாளில வாகனம் வாசலில வந்து நிக்குது. இதில பிழை என்ன இருக்கு?" என்றார் குருக்கள். தட்டத்திலிருந்து மாலையை எடுத்துக் கூட்டுக்கு மேலே போட்டார். பட்டுத்துண்டை மடித்து வைத்தார். கம்பிக்கு இடையால் விரலை விட்டுத் தெய்வானையின் நெற்றியில் திருநீறு பூசினார். தட்டத்தைச் செயலாளரே நீட்டும்படி தலையசைத்தார். இரத்தினசிங்கம் நீட்டினார். எல்லாம் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்தது. சனம் மண்டபத்துக்குள் சாப்பாட்டு வரிசைக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஒருவரும் காணவில்லை.

கார் வரைக்கும் இரத்தினசிங்கம் பின்னாலேயே வந்தார். "வரதராஜாவின்ர காதுக்கு இது போச்சுதோ, என்ர கதை முடிஞ்சுது. பூனைக்குக் காளாஞ்சி குடுத்த செயலாளர் எண்டு நோட்டீஸ் அடிப்பான். மச்சான், இது நடக்கேல்லை."

"நடந்ததே!"

"நடக்கேல்லை."

மறுநாள் குருக்கள் விமானம் ஏறிவிட்டார். நாதஸ்வரக்காரரும் தவில்காரரும் அடுத்த திருவிழாவுக்குப் பேர்த் நகருக்குப் போய்விட்டார்கள். அன்று காலையிலேயே கணேசலிங்கம் சொல்லத் தொடங்கினார். தெரிந்தபடி சொல்லியிருந்தால் யாராவது ஒருவர் நம்பியிருப்பார். அவருக்குத்தான் அது கைவராதே. கும்பிட்டதும் ஹெலிகொப்டரும் வந்து சேர்ந்தன. கதை வரதராஜாவின் காதுக்கும் போனது. "கணேசலிங்கத்தின்ர கதையோ?" என்று சிரித்து விட்டுவிட்டார். யோகா தொலைபேசியில் அண்ணையைக் கேட்டாள். "உன்ர மனுசனைத் தெரியாதோ, பிள்ளை?" என்றார் அவர். வீடியோ அழைப்பில் பட்டுத்துண்டைக் காட்டியதற்கு, கடையில் வாங்கியிருப்பீர்கள் என்றாள் யோகா. யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசி எடுத்துக் குருக்களையே கேட்கிறேன் என்றதற்கு, உந்த விசர்க் கதைக்கு அந்த மனுசனை இழுத்தால் தான் மெரிலேண்ட்ஸிலேயே இருந்துவிடுவேன் என்றாள். காப்பகத்துக்குத் திங்கள் காலை பத்து மணிக்கு அவளே நேரம் எடுத்துவிட்டாள்.

ஞாயிறு மத்தியானம் வீடு நிறைந்திருந்தது. பிள்ளை தொட்டிலில். தர்சினி பக்கத்தில். இரத்தினசிங்கம் மேசைக்குத் தலைமாட்டில். ஜலால்தீன் பிள்ளையைப் பார்க்க வந்தவர், யோகா விடாததால் சாப்பிட இருந்தார். வெள்ளிக்கிழமை நடக்க இருந்த பொதுக்கூட்டத்தைப் பின்போட்டிருந்தார்கள். தலைவர் நாற்காலி இன்னும் காலியாகவே இருந்தது. தெய்வானை தொட்டிலுக்குக் கீழே போய்ப் படுத்திருந்தது. அதன் கூடு நாளைக்கென்று வாசலில் ஆயத்தமாக நின்றது.

கணேசலிங்கம் அந்தக் கூட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தார். கூட்டிச் சொன்னதெல்லாம் தோற்றுவிட்டது. பிறகு, ஹலால் ஆட்டிறைச்சிக் கறியைப் பார்த்துப் பார்த்து ஜலால்தீனுக்குப் பரிமாறிய யோகா கதிரையில் இருக்கும் வரை பொறுத்து, தொண்டையைச் செருமினார்.

"யோகா, கொண்ணன் சொல்லுறதுதான் சரி. நான் கூட்டித்தான் சொன்னனான். உண்மையில அதைக் காளாஞ்சி எண்டே சொல்லேலாது."

"இப்பவாவது சொன்னீரே," என்றார் இரத்தினசிங்கம்.

"ஒரு பிளாஸ்டிக் தட்டு. பிறந்தநாளுக்குக் கேக் வைப்பினமே, அது."

இரத்தினசிங்கத்தின் கை சோற்றில் நின்றது.

"மாலை கடதாசிப் பூ. போன வருசத்தது போல. தூசி வேற. எங்கட கோயில் இப்ப அப்பிடித்தானே."

"ம்," என்றார் இரத்தினசிங்கம். கழுத்து நரம்பு ஒன்று எழும்பியது.

"வெத்திலை மூண்டோ நாலோ. வாடல். காம்பு கிள்ளேல்லை. தேங்காயை நான் வீட்டை கொண்டு வந்து பாத்தன், யோகா. அழுகல்."

"ஆற்ற தேங்காய் அழுகல்?" இரத்தினசிங்கம் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார். "பத்துத் தேங்காய் தட்டிப் பாத்து எடுத்த தேங்காய் அது! வெள்ளித் தட்டம், ஐஞ்சு மணிக்கு எழும்பிப் புளி போட்டு மினுக்கினது நான்! வெத்திலை பதினொண்டு, ஒவ்வொண்டாய்த் துடைச்சு, காம்பு கிள்ளி அடுக்கினது நான்! மாலை அண்டைக்குப் பறிச்ச ரோசாப்பூ, பதினெட்டு ரோசா, ஒரு இதழ் வாடேல்லை! உந்தக் கூட்டுக்கு மேல குருக்கள் போடேக்க பனித்துளி நிண்டது!"

ஜலால்தீன் தண்ணீர்க் கோப்பையால் வாயை மறைத்துக்கொண்டார். பிள்ளை நித்திரையில் ஒருதரம் முனகியது. தொட்டிலுக்குக் கீழே தெய்வானை தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்தது.

யோகா மெதுவாகக் கேட்டாள். "எந்தக் கூட்டுக்கு மேல, அண்ணை?"

இரத்தினசிங்கம் வாசலில் நின்ற கூட்டைப் பார்த்தார். தங்கச்சியைப் பார்த்தார். கணேசலிங்கம் சோற்றுக்குள் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தார்.

"வரதராஜாவுக்கு இங்கயிருந்து ஒருத்தரும் சொல்லமாட்டம், மாமா," என்றாள் தர்சினி. "ப்ரொமிஸ்."

அவர் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். சேட்டுப் பொத்தானைச் சரிபார்த்தார்.

"ஓம் பிள்ளை, நடந்தது. தட்டத்தை நீட்டினது நான்தான். பூனை இருக்கட்டும்." பிறகு மச்சானின் பக்கம் விரலை நீட்டினார். "ஆனால் அது கும்பிடேல்லை. கொட்டாவிதான் விட்டது."